முதல் தடவையா ஜிஎஸ்டிக்குள்ள போறேன், கடையை எப்படித் தயார் பண்றது? (பெங்களூரு)

அல்சூர்_மளிகை | பிப்ரவரி 3, 2026, இரவு 11:40

எல்லாருக்கும் வணக்கம். அல்சூர் ஏரிக்குப் பின்னாடி ஒரு சந்துல மளிகைக்கடை வச்சிருக்கேன். ஊர் நாங்குநேரி பக்கம். இங்க வந்து 14 வருஷம் ஆச்சு.

போன ஜூலையில யூபிஐ வரவை வச்சுச் சின்னக் கடைகளுக்கெல்லாம் ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்துச்சே, ஞாபகம் இருக்கும். எதிர்ச்சாரி பேக்கரிக்கு வந்துச்சு, எனக்கு வரல. பயத்துல நானும் கியூஆர் அட்டையைக் கழட்டிட்டு 'நோ யூபிஐ, ஒன்லி கேஷ்'னு எழுதித் தொங்கவிட்டேன். பத்து நாள் தாக்குப் பிடிக்கல. ஒரு பாக்கெட் பாலுக்குக்கூட ஃபோனைத்தான் நீட்டுறாங்க. சில்லறை இல்லேன்னா அடுத்த கடைக்குப் போயிடுறாங்க. மறுபடி மாட்டிட்டேன்.

வருஷத்துக்கு 40 லட்சத்துக்கு மேல வித்தா ஜிஎஸ்டியில ரிஜிஸ்டர் பண்ணணும்ங்கறாங்க. நேத்து ராத்திரி உக்காந்து கணக்குப் பார்த்தேன். ஏப்ரல்லேர்ந்து ஜனவரி கடைசி வரைக்கும் கியூஆர்ல 31 லட்சம். அதுல 2 லட்சம் வியாபாரமே இல்ல, சீட்டுப் பணம். கல்லாவுல ரொக்கம் 11 லட்சத்து 20 ஆயிரம். ஆக மொத்தம் 40 லட்சத்து 20 ஆயிரம். ஆனா இதுல பால், முட்டை, காய்கறி மட்டும் 8 லட்சம். அதுக்குத்தான் வரியே கிடையாதே. அதைக் கழிச்சா 32 தானே? 40ஐத் தாண்டலன்னு எடுத்துக்கலாமா? இல்ல, தாண்டிடுச்சுன்னா நான் முதல்ல என்ன செய்யணும்?

கணக்கு_கோமதி | பிப்ரவரி 4, காலை 7:15

தம்பி, தாண்டிட்டீங்க.

பாலுக்கு வரி இல்லைங்கறது சரிதான். ஆனா 40 லட்சத்தை எண்ணும்போது பாலும் சேரும், முட்டையும் சேரும். பாலும் காய்கறியும் மட்டுமே விக்கிறவர் ஒரு கோடிக்கு வித்தாலும் ரிஜிஸ்டர் பண்ண வேண்டியதில்ல. பக்கத்துலயே பிஸ்கட்டும் சோப்பும் அடுக்கிட்டீங்கன்னா எல்லாம் ஒரே எண்ணிக்கை. போன வருஷம் பாதிக் குழப்பம் இதுலதான். ஜூலை 23 அன்னிக்கு முதல்வர் சித்தராமையா வியாபாரிகளைக் கூப்பிட்டுப் பேசி, ரிஜிஸ்டர் பண்ணிக்கிட்டா பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம்னு சொன்ன பிறகுதான் கொஞ்சம் அடங்குச்சு. அதே சலுகை வருஷா வருஷம் வரும்னு நம்பாதீங்க.

ரொக்கத்தையும் சேர்த்தீங்க பாருங்க, அது நல்ல காரியம். நிறைய பேர் கியூஆர்ல வர்றது மட்டும்தான் கணக்குன்னு நினைக்கிறாங்க. வரி வியாபாரத்துக்குத்தான், யூபிஐக்கு இல்ல.

சீட்டுப் பணம் 2 லட்சத்தைக் கழிச்சது சரி. நாளைக்கு யாராவது கேட்டா காட்ட என்ன இருக்கு? சீட்டு நோட்டைப் பத்திரமா வைங்க. இன்னிக்கே கடைக்குன்னு தனியா கரண்ட் அக்கவுண்ட் திறந்து கியூஆரை அதுக்கு மாத்துங்க. தங்கச்சி கல்யாணக் கைமாத்து, சீட்டு, வீட்டு வாடகை எதுவும் அதுக்குள்ள வரக்கூடாது.

எந்தத் தேதியில 40 தாண்டிச்சு? அதிலேர்ந்து 30 நாள்தான் டைம்.

அல்சூர்_மளிகை | பிப்ரவரி 4, காலை 7:32

ஜனவரி 29ன்னு வருது அக்கா. அப்போ பிப்ரவரி 28. வயித்துல புளியைக் கரைக்குது.

பிடிஎம்_டீக்கடை | பிப்ரவரி 4, காலை 9:05

குரு, சும்மா பயமுறுத்துறாங்க. நம்ம ஏரியாவுல எல்லாரும் என்ன பண்றாங்க தெரியுமா? காலையில ஒரு கியூஆர், மத்தியானம் மச்சினன் கியூஆர், சாயங்காலம் வீட்டுக்காரி கியூஆர். மூணுலயும் 15, 15. யாருக்கும் 40 தாண்டாது. நான் டீ விக்கிறவன், எனக்கெல்லாம் 40ஐ எட்டிப் பிடிக்கவே முடியாது, அது வேற விஷயம்.

கணக்கு_கோமதி | பிப்ரவரி 4, காலை 9:50

மச்சினன் பேர்ல உண்மையிலேயே வேற கடை இருந்தா அது அவர் கணக்கு. ஒரே கடை, ஒரே கல்லா, ஒரே சரக்கு, மூணு அட்டைன்னா அது ஏமாத்து வேலை. மச்சினனுக்கும் சேர்த்துத்தான் வம்பு.

அப்புறம் டீக்கடை அண்ணா, 40 லட்சம் பொருள் மட்டும் விக்கிறவங்களுக்கு. டீ போட்டுக் குடுக்குறது சேவையில வரும். உங்களுக்கு 20 லட்சம்தான். நாளைக்கு 5,500 ரூபா ஓடினாப் போதும், வருஷத்துல 20 தாண்டிடும். பிடிஎம்ல சாயங்காலம் ஆறு மணிக் கூட்டத்துலயே பாதி வந்துடுமே.

சிக்பேட்டை_பாத்திரம் | பிப்ரவரி 4, பகல் 1:20

இந்தப் பேச்சையெல்லாம் நான் மூணாவது தடவையா கேக்குறேன். 2005 ஏப்ரல் 1ல இங்க வாட்ங்கற மதிப்புக் கூட்டு வரி வந்தப்போ ஒரு பாத்திர மொத்தக்கடையில கணக்கு எழுதிக்கிட்டிருந்தேன். 2017 ஜூலை 1ல ஜிஎஸ்டி வந்தப்போ என் சொந்தக் கடை.

2005ல மூணு ராத்திரி கடையை உள்பக்கம் பூட்டிக்கிட்டு ஸ்டாக் எடுத்தோம். எவர்சில்வரை எடை போட்டு, பித்தளையை எடை போட்டு, அடுக்கு அடுக்கா சாக்பீஸால நம்பர் எழுதி வச்சோம். அதுக்கு முந்தின ஒரு வருஷத்துக்குள்ள விற்பனை வரி கட்டி வாங்கின சரக்கு கையில இருந்தா அந்த வரியைக் கழிச்சுக்கலாம்னு சொல்லியிருந்தாங்க. பில்லைத் தேடினா பாதிச் சரக்குக்கு மேல பக்கா பில்லே கிடையாது. எல்லாம் கச்சா. சிகரெட் அட்டைக்குப் பின்னாடி எழுதின சீட்டு. கும்பகோணத்துலேர்ந்து வந்த குத்துவிளக்குக்குப் பில் இருந்துச்சு, ஆனா அது வெளி மாநில வரி, இங்க கழிக்க முடியாது. தமிழ்நாடு வாட்டுக்குள்ள வந்ததே 2007 ஜனவரியிலதான். முதலாளி ஒரு பேச்சும் பேசல. ஒரு குண்டாவைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே இருந்தார்.

தம்பிக்கு நான் சொல்றது ஒண்ணுதான். ஃபாரம், நம்பர் எல்லாம் கோமதியம்மா பார்த்துக்குவாங்க. நீங்க இன்னிலேர்ந்து கச்சாவுல ஒரு பெட்டி தீப்பெட்டிகூட வாங்காதீங்க.

அல்சூர்_மளிகை | பிப்ரவரி 4, இரவு 10:55

அண்ணாச்சி, மார்க்கெட்ல பருப்பு, வத்தல் வாங்குறதுல பாதி சீட்டுதான். பில் கேட்டா 'அதுக்கு வேற ரேட்டு'ங்கறான்.

இன்னொண்ணு. காம்போசிஷன்னு ஒண்ணு இருக்காமே, மொத்தமா 1 சதவீதம் கட்டினாப் போதும்னு பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அதுல போறதா, வாங்கின வரியைக் கழிச்சுக் கட்டுற ரெகுலர்ல போறதா?

கணக்கு_கோமதி | பிப்ரவரி 5, காலை 6:40

இதுக்குக் கணக்குப் போட்டுத்தான் பார்க்கணும்.

பிஸ்கட் சரக்கு ஒண்ணு எடுத்துக்குவோம். போன செப்டம்பர் 22லேர்ந்து பிஸ்கட் 5 சதவீதத்துக்கு வந்துடுச்சு. ஏஜென்சி விலை 8,800, வரி 440, உங்க கை விட்டுப் போறது 9,240. எம்ஆர்பி 10,500. அதுக்குள்ளயே 500 வரி இருக்கு. எம்ஆர்பிக்கு மேல வரின்னு தனியா ஒரு பைசா கேக்க முடியாது, மறந்துடாதீங்க.

ரெகுலர்ல: வித்ததுல 500, வாங்கினதுல கட்டின 440ஐக் கழிச்சா நீங்க கட்டுறது 60. லாபம் 1,200.

காம்போசிஷன்ல: வாங்கின வரியைக் கழிக்க முடியாது. 10,500க்கு 1 சதவீதம், 105. லாபம் 1,155.

இதே துணி சோப்புத்தூள் மாதிரி 18 சதவீதச் சரக்குன்னா அப்படியே தலைகீழ். 8,800க்கு வரி 1,584, எம்ஆர்பி 11,800. ரெகுலர்ல 216 கட்டி 1,200 நிக்கும். காம்போசிஷன்ல 118 கட்டி 1,298 நிக்கும்.

உங்க கடையில 5 சதவீதச் சரக்குதான் அதிகம் இருக்கும். பிஸ்கட், சோப்பு, எண்ணெய், மிக்சர் எல்லாம் இப்ப 5தான். வருஷத்துக்கு 48 லட்சம் ஓடும்னு வைங்க, பால் வகை 10 போக 38. வியாபாரிக்கு அந்த 38க்கு மட்டும்தான் 1 சதவீதம், பாலுக்குக் கிடையாது. காம்போசிஷன்னா 38,000. ரெகுலர்னா சுமார் 21,700. பில் எல்லாம் ஒழுங்கா இருந்தா ரெகுலர்தான் லாபம்னு தோணுது.

ஹொசகோட்டை_மணி | பிப்ரவரி 5, காலை 11:10

நான் பிஸ்கட் ஏஜென்சியில லைன் போறவன். ஒரு விஷயம் சொல்லிடுறேன். ஜிஎஸ்டி நம்பரை எங்ககிட்ட குடுக்குற நாள்லேர்ந்துதான் உங்க பேர்ல பில் ஏறும். மார்ச்ல வந்து 'ஜனவரி பில்லையெல்லாம் நம்பர் போட்டு மாத்திக் குடு'ன்னு கேட்டா முடியாது. எங்க ரிட்டர்ன் போயிருக்கும். நம்பர் வந்த அன்னிக்கே எல்லா ஏஜென்சிக்கும் வாட்ஸப்ல அனுப்பிடுங்க. டேமேஜ், எக்ஸ்பைரி சரக்கு இருந்தா அதுக்கு முன்னாடியே திருப்பிக் குடுத்துடுங்க. புதுக் கணக்குல பழைய எக்ஸ்பைரி கலந்தா ரெண்டு பேருக்கும் தலைவலி.

இந்திராநகர்_பேக்கரி_மகள் | பிப்ரவரி 5, இரவு 9:25

கோமதி அக்கா, உங்க கணக்குல ஒண்ணு விட்டுப்போச்சு. கடை வாடகை.

2024 அக்டோபர் 10லேர்ந்து, கடை ஓனருக்கு ஜிஎஸ்டி இல்லாம, வாடகைக்கு இருக்குறவங்க ரிஜிஸ்டர் பண்ணியிருந்தா, வாடகைக்கு 18 சதவீதத்தை வாடகைக்காரங்களே கட்டணும். ரொக்கமா. காம்போசிஷன்ல இருக்குறவங்களுக்கு மட்டும் இது வேண்டாம்னு 2025 ஜனவரியில எடுத்துட்டாங்க. நாங்க ரெகுலர்ல இருக்கோம், மாசா மாசம் வலிக்குது, அதனாலதான் எனக்கு இது மறக்கல.

அண்ணா, உங்க வாடகை எவ்வளவு? ஓனர்கிட்ட ஜிஎஸ்டி நம்பர் இருக்கா?

அல்சூர்_மளிகை | பிப்ரவரி 5, இரவு 9:48

28,000. ஓனர் ரிட்டயர்ட் பேங்க் ஆபீசர். நம்பர் கிம்பர் எதுவும் கிடையாது. அக்ரிமெண்ட்டே போன தடவை போட்டதோட சரி.

கணக்கு_கோமதி | பிப்ரவரி 5, இரவு 10:30

சரியான இடத்துல பிடிச்சே மா. நான் வாடகையைக் கேக்காம பேசிட்டேன், தப்பு என்னோடதுதான்.

28,000க்கு 18 சதவீதம் 5,040. வருஷத்துக்கு 60,480. கட்டினதைக் கழிச்சுக்கலாம், ஆனா எதுல கழிக்கிறது? நீங்க கட்ட வேண்டியதே 21,700தான். மீதி சும்மா கணக்குல கிடக்கும். பால் விக்கிற பங்குக்கு உண்டான வாடகை வரியைக் கழிக்கவும் விட மாட்டாங்க. ஆகக் கையிலேர்ந்து 60,480 போகும். காம்போசிஷன்ல 38,000தான். மேலே நான் சொன்னதை அடிச்சுடுங்க. காம்போசிஷன்லயே போங்க.

ஆனா அதுக்கு நிபந்தனை இருக்கு. வெளி மாநிலத்துக்கு விக்கக் கூடாது. வாங்கலாம், விக்கக் கூடாது. அப்படி ஏதாவது இருக்கா?

அல்சூர்_மளிகை | பிப்ரவரி 5, இரவு 10:41

ஓசூர்ல சித்தப்பா மகன் கடை வச்சிருக்கான். வாரம் நாலு பெட்டி பிஸ்கட் இங்கேர்ந்து பஸ்ல போட்டு விடுவேன். அதுவும் சேருமா? நம்ம ஓசூர்தானே.

கணக்கு_கோமதி | பிப்ரவரி 5, இரவு 10:52

நமக்குத்தான் அது பக்கத்து ஊர். சட்டத்துக்கு அது தமிழ்நாடு. நீங்க இப்பச் செஞ்சுக்கிட்டிருக்கிறதே தப்பு. வெளி மாநிலத்துக்குச் சரக்கு விக்கணும்னா 40 லட்சமெல்லாம் பார்க்க மாட்டாங்க, முதல் பெட்டியிலேயே ரிஜிஸ்ட்ரேஷன் வேணும். தம்பியை ஓசூர் ஏஜென்சியிலயே வாங்கிக்கச் சொல்லுங்க. இன்னிலேர்ந்தே.

பர்துபாய்_பழனி | பிப்ரவரி 6, அதிகாலை 2:15

பிறந்து வளர்ந்தது ஸ்ரீராம்புரம், இப்ப துபாய்ல இருக்கேன். இங்க 2018 ஜனவரி 1ல 5 சதவீத வாட் வந்தப்போ நான் ஒரு சூப்பர் மார்க்கெட்ல கணக்கு. 3,75,000 திர்ஹம் தாண்டினா கட்டாயம் ரிஜிஸ்டர் பண்ணணும்னாங்க. நாங்க அடிபட்டது சாஃப்ட்வேர்லயோ ஃபாரத்துலயோ இல்ல, பழைய ஒப்பந்தத்துல. ஒரு ஹோட்டலுக்கு வருஷம் பூரா ஒரே விலைக்கு அரிசி தர்றதா எழுதிக் குடுத்திருந்தோம். அதுல வரியைப் பத்தி ஒரு வரிகூட இல்ல. எழுதலேன்னா விலைக்குள்ளயே வரி அடக்கம்னு எடுத்துக்குவாங்க. 5 சதவீதம் எங்க கையை விட்டுப் போச்சு. தம்பி, உங்ககிட்ட மாசக் கணக்கு வச்சிருக்கிற பிஜி விடுதி, மெஸ் ஏதாவது இருந்தா விலையை இப்பவே பேசி முடிச்சுக்குங்க.

அல்சூர்_மளிகை | பிப்ரவரி 6, காலை 6:20

ரெண்டு பிஜி இருக்கு அண்ணே. ஒருத்தர் ஜிஎஸ்டி பில் கேட்டாலும் கேப்பார்.

கணக்கு_கோமதி | பிப்ரவரி 6, காலை 7:05

காம்போசிஷன்ல நீங்க வரி போட்ட பில் குடுக்க முடியாது. 'பில் ஆஃப் சப்ளை'ன்னுதான் குடுக்கணும். அவங்களால உங்க பில்லை வச்சு எதையும் கழிக்க முடியாது. பிஜி நடத்துறவர் பெரும்பாலும் அதைப் பெருசா எடுத்துக்க மாட்டார். வாடிக்கையில பாதிப்பேர் கம்பெனிகளா இருந்தாத்தான் காம்போசிஷன் சரிப்படுமான்னு யோசிக்கணும்.

பில்லோட தலையில 'காம்போசிஷன் டேக்ஸபிள் பர்சன், நாட் எலிஜிபிள் டு கலெக்ட் டேக்ஸ் ஆன் சப்ளைஸ்'னு அச்சடிக்கணும். கடை போர்டுலயும் காம்போசிஷன்னு எழுதணும், ஜிஎஸ்டி நம்பரும் இருக்கணும். போர்டைத் தொடுறதுன்னா 60 சதவீதம் கன்னடம் இருக்கான்னு அதையும் சேர்த்துப் பார்த்துடுங்க. பெயின்டருக்கு ரெண்டு கூலி எதுக்கு.

வரி மூணு மாசத்துக்கு ஒரு தடவை. சிஎம்பி-08ங்கற ஃபாரம், அடுத்த மாசம் 18ஆம் தேதிக்குள்ள. உங்களுக்கு முதல் தடவை ஏப்ரல் 18. வருஷத்துக்கு ஒரு தடவை ஜிஎஸ்டிஆர்-4ங்கற ரிட்டர்ன், ஜூன் 30க்குள்ள. அவ்வளவுதான்.

ரிஜிஸ்ட்ரேஷனுக்கு பான், ஆதார், ஃபோட்டோ, வாடகை அக்ரிமெண்ட், கரண்ட் பில். போன நவம்பர்லேர்ந்து சின்ன வியாபாரிகளுக்கு மூணு வேலை நாள்ல நம்பர் தர்ற வழி வந்திருக்கு. பேப்பர் சரியா இருந்தா சீக்கிரம் கிடைச்சிடும். உங்களுக்கு இழுக்கப்போறது அக்ரிமெண்ட்தான். ஓனரை இன்னிக்கே போய்ப் பாருங்க.

இந்திராநகர்_பேக்கரி_மகள் | பிப்ரவரி 6, காலை 8:30

ரிஜிஸ்டர் பண்ணும்போது மொபைல் நம்பரும் இமெயிலும் உங்களோடதா இருக்கட்டும் அண்ணா. அப்பா 2017ல ஒருத்தர்கிட்ட குடுத்தார். அவர் தன் நம்பரையே போட்டுட்டார். ஓடிபி, நோட்டீஸ் எல்லாம் அவருக்குத்தான் போச்சு. மாசா மாசம் ஃபீஸ் வாங்கினார், ரிட்டர்ன் ஒண்ணுகூடப் போடல. ரெண்டு வருஷம் கழிச்சு மைதா சப்ளையர் ஃபோன் பண்ணி 'உங்க நம்பர் கேன்சல் ஆயிருக்கே'ன்னு சொன்னப்போதான் எங்களுக்கே தெரியும். அதுக்கப்புறம்தான் நான் பிகாம் சேர்ந்தேன். கோபத்துல எடுத்த படிப்பு.

சிக்பேட்டை_பாத்திரம் | பிப்ரவரி 6, பகல் 12:10

சபாஷ் மா.

தம்பி, காம்போசிஷன்ல கழிவு இல்லங்கறதுக்காக பில் வாங்குறதை விட்டுடாதீங்க. நாளைக்கு வியாபாரம் பெருகி ஒன்றரைக் கோடி தாண்டினா ரெகுலருக்கு வந்தே ஆகணும். அன்னிக்குக் கையில இருக்குற சரக்குக்கு வரி கழிக்கணும்னா பில் வேணும்.

அல்சூர்_மளிகை | பிப்ரவரி 15, இரவு 12:50

ஒரு வாரம் இந்தப் பக்கமே வர முடியல, மன்னிச்சுக்குங்க.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கே ஷட்டரை இறக்கிட்டு ஸ்டாக் எடுத்தோம். நான், வீட்டம்மா, கடைப் பையன். பரண் மேல ஏறினா 2023 தீபாவளிக்கு வாங்கின மத்தாப்புப் பெட்டி ரெண்டு கிடக்கு. இதுக்குக் கீழயா இத்தனை நாள் சாம்பிராணி ஏத்தினோம்னு வீட்டம்மா தலையில அடிச்சுக்கிட்டா. எக்ஸ்பைரி ஆன சேமியா 11 பாக்கெட். எலி கடிச்ச பருப்பு மூட்டை ஒண்ணு. மொத்தச் சரக்கு 4 லட்சம் இருக்கும்னு நினைச்சிருந்தேன். எண்ணிப் பார்த்தா 2 லட்சத்து 90 ஆயிரம்தான். மீதி எங்க போச்சுன்னே தெரியல. 14 வருஷத்துல முதல் தடவையா எண்ணியிருக்கேன்.

ஓனர் முதல்ல கரண்ட் பில் தர மாட்டேன்னார். 'என் பேர்ல வரி வருமா, வருமா'ன்னு அதையே கேட்டுக்கிட்டிருந்தார். நான் காம்போசிஷன், வாடகைக்கு நீங்களும் கட்ட வேண்டாம், நானும் கட்ட வேண்டாம்னு இந்த இழையைத்தான் வாசிச்சுக் காட்டினேன். புது அக்ரிமெண்ட் போட்டாச்சு. வாடகையை 28,500 ஆக்கிட்டார். சரி, போகட்டும்.

வெள்ளிக்கிழமை அப்ளை பண்ணியாச்சு. என் நம்பர், என் இமெயில். மார்க்கெட்ல பருப்புக்கு பில் கேட்டதுக்கு மூட்டைக்கு 60 ரூபா கூடச் சொன்னான். வாங்கிட்டேன். ஓசூர்க்காரன் மட்டும் பேச மாட்டேங்கறான்.

கணக்கு_கோமதி | பிப்ரவரி 15, காலை 6:30

நல்லது தம்பி. அந்த ஸ்டாக் லிஸ்ட்டைத் தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, ஃபைல்ல வைங்க. நம்பர் வந்ததும் சொல்லுங்க, பில் புத்தகம் அச்சடிக்கக் குடுக்குறதுக்கு முன்னாடி மாதிரியை ஒரு தடவை என்கிட்ட காட்டுங்க.

பிடிஎம்_டீக்கடை | பிப்ரவரி 15, இரவு 11:58

அக்கா, அந்த 20 லட்சம் எந்த மாசத்துலேர்ந்து எண்ணணும்?

கணக்கு_கோமதி | பிப்ரவரி 16, காலை 6:10

ஏப்ரல் 1லேர்ந்து. மூணு கியூஆரையும் சேர்த்து எண்ணுங்க.